சாண் சாணாய்ச் சிறுத்த இராயப்பர் கோயில்

பாரைத்துறை இராயப்பர் கோயிலுக்குப் பூட்டுப் போட்ட இருபத்திரண்டாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, சுடலைமுத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் ஏழு பேர் மண்டையிலும் வெயில் அடித்தது. அந்த நேரத்தில் அந்தப் பெஞ்சில் வெயில் அடித்ததாக எங்கள் அப்பன் காலத்திலும் பேச்சு கிடையாது, பாட்டன் காலத்திலும் கிடையாது. மூன்றே முக்காலுக்கெல்லாம் கோயில் கோபுரத்து நிழல் ரோட்டைத் தாண்டி வந்து எங்களுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிடும். சுடலைமுத்து ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, புருவத்துக்கு மேல் கையை வைத்துக் கோயிலைப் பார்த்தார். "கோயில் கொஞ்சம் சின்னதாயிட்டு," என்றார். நாங்களும் திரும்பிப் பார்த்தோம், ஆமாம், சின்னதாகத்தான் ஆகியிருந்தது. ஒரு சாண் இருக்கும் என்றான் ஒருத்தன், ஒண்ணேகால் என்றான் இன்னொருத்தன், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது, பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டுவிட்டு டீயைக் குடித்தோம்.

பூட்டு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமல்லவா. அந்த வேதக்கோயில் கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கருப்பட்டியுமாய் எங்கள் முப்பாட்டன்மார் கட்டியது; கட்டின நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அது கோயில், மற்ற ஆறு நாளும் ஊருக்கு என்ன தேவையோ அதுவாக இருந்துகொள்ளும். மத்தியான வெயிலுக்கு ஆம்பிளைகள் உள்ளே உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துவார்கள், பாட்டுக்காரர் மாடத்துத் தூணில் தொட்டிலைக் கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் பொம்பிளைகள் பேன் பார்ப்பார்கள், பஞ்சாயத்து அங்கே, சொட்டு மருந்து அங்கே, ஓட்டுப் பெட்டி அங்கே, புயல் எச்சரிக்கை வந்தால் கும்பிடுகிற சாமி எதுவென்று கேட்காமல் ஆடு கோழியோடு ஊர் முழுக்க அங்கே. சுடலைமுத்து பெண்டாட்டிக்குத் தலைப்பிரசவம் ஆனதே ஒரு புயலன்று, பீடத்துக்கு இடது பக்கம்தான். கதவு என்று ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அது சாத்தியிருந்ததைப் பார்த்தவர் கிடையாது. அதன் பின்னால் ஒரு கோழி அடை உட்கார்ந்து, அதன் மகள் உட்கார்ந்து, இப்போது பேத்தி உட்கார்ந்திருந்தது.

இப்படி இருந்த கோயிலைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து தொப்பி போட்ட ஒரு நிபுணர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வலையோடு உட்கார்ந்திருந்த எங்களையும் தூரத்திலிருந்தே முகர்ந்து பார்த்தார். பிறகு பங்குச் சாமியார் எட்வினையும் கஸ்பார் வாத்தியாரையும் ஓரமாகக் கூட்டிப்போய், இந்தக் கட்டடத்துக்கு உலகத்திலேயே ஒரே எதிரி மனுஷ மூச்சுக்காற்று என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டில் வஞ்சிரம் நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கஸ்பார் வாத்தியார் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு, விசிலிலிருந்து இல்லை. ஆறடி உயரம், வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். ஒரே வாரத்தில் புராதன இராயப்பர் ஆலயப் பாதுகாப்புக் குழு உண்டாயிற்று, தலைவர் வாத்தியார், காப்பாளர் எட்வின் சாமியார், உறுப்பினர்கள் தலையாட்டத் தெரிந்த ஐந்து பேர். குழு போட்ட முதல் தீர்மானம் கோயிலை ஊரிடமிருந்து காப்பாற்றுவது. பூசையை ரோட்டோரத்துக் கான்கிரீட் கோயிலுக்கு மாற்றினார்கள், கோழியைக் கலைத்தார்கள், கதவைச் சாத்தினார்கள், உள்ளங்கை அகலத்தில் பித்தளைப் பூட்டைப் போட்டார்கள், சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து வாத்தியார் இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே பீடத்தில் நிற்கிற இராயப்பர் கையிலும் சாவிதான், மோட்ச ராச்சியத்துச் சாவி. மோட்சத்தையே திறந்துவிடுகிறவரை உள்ளே வைத்துப் பூட்டி அவருக்கே காவல் நிற்கிற கூத்தை நாங்கள் யாரிடம் போய்ச் சொல்லி அழ.

அழ வேண்டியவள் ஒருத்தி இருந்தாள், ஆனால் அவளுக்கு அழத் தெரியாது, ஏசத்தான் தெரியும். மீன் விற்கிற கித்தேரி. கோயிலின் வடக்குச் சுவரில் நாற்பத்தொரு துடுப்புகள் சாத்தியிருந்தன, எல்லாம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுடையவை. உடம்பு கரையேறினால் கல்லறைத் தோட்டம், ஏறாவிட்டால் வீட்டில் மிச்சமிருக்கிற துடுப்பில் பேரைச் சுட்டெழுதி வடக்குச் சுவர், இதுதான் எங்கள் வழக்கம். ஐப்பசி நடுவில் வருகிற கல்லறைத் திருநாளன்று அதன் அடியில் மெழுகுவர்த்தி கொளுத்துவோம். அதைவிடப் பெரிய வழக்கம் இன்னொன்று உண்டு: வீட்டில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும் துடுப்புக்கு நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும், சொல்லாத வரைக்கும் அது நடந்ததில் சேர்த்தி இல்லை. அப்பனுக்குச் சொல்லாமல் புது வள்ளம் இறக்கினான் ஒருத்தன், ஒரு வருஷம் அந்த வள்ளத்தில் ஒரு மத்தி கூட ஏறவில்லை, பிறகு ஓடிப்போய்ச் சொன்னான்.

கித்தேரியின் புருஷன் தொம்மை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் போனவன். மற்றவர்கள் துடுப்பின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்வார்கள். இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஊர் கேட்கச் சொல்வாள். "ஏ மனுஷா, காத்தும் கடலும் கிடக்கிற கிடைக்குப் போவாதியும்னு தலபாடா அடிச்சேனே, கேட்டீரா? இப்ப நல்லாச் சாஞ்சு நிக்கீரு. மவளுக்குக் காய்ச்சல். ஓலைக்கூரைய எடுத்துட்டு ஓடு போட்டாச்சு. நீரு இருந்திருந்தா இன்னும் ஓலைதான்." நாங்கள் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். தொம்மை உயிரோடு இருந்தபோது வாங்கினதில் பாதிதான் இது என்று பேசிக்கொள்வோம்.

பூட்டுப் போட்ட வருஷம் கல்லறைத் திருநாளுக்குத் திறந்துவிடுவார்கள் என்றுதான் கித்தேரியும் நினைத்தாள். திறக்கவில்லை. கதவுக்கு வெளியில் நின்றே ஏசிப் பார்த்தாள், மனசு ஆறவில்லை. "அந்த ஆளுக்கு இடது காது மந்தம். கதவு இருக்கது இடது பக்கம்," என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கோயில் என்னவோ தன்பாட்டுக்குச் சிறுத்துக்கொண்டே வந்தது, முதலில் மாசம் ஒரு சாண், பிறகு வாரம் ஒரு சாண், பிறகு இரண்டு நாளைக்கு ஒரு சாண். விரிசல் கிடையாது, காரை உதிரவில்லை, தூணும் மணியும் ஜன்னலும் இராயப்பரும் துடுப்புகளும் எல்லாம் ஒரே கணக்காய்ச் சிறுத்தன. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், நல்லபடியாகத்தான் எடுத்துக்கொண்டது, சொன்னால் வெட்கக்கேடு. கோயில் விட்டுக்கொடுத்த நிலம் யாருக்கு என்று மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் வாய்ச்சண்டை நடந்து, கடைசியில் தெற்கே வாலிபால் கோர்ட்டும் வடக்கே கருவாட்டுக் களமும் வந்தன. கோயில் ஒரு சாண் சுருங்கின மறுநாளே களம் ஒரு சாண் நகரும். சுடலைமுத்து டீக்கடைக்குத் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். குழு இதை எல்லாரையும்விட நல்லபடியாக எடுத்துக்கொண்டது, சின்னதாக இருந்தால் பாதுகாப்பது லேசு என்று வாத்தியார் மைக்கில் சொன்னார். நிபுணர் மறுபடி வந்து, டேப் பிடித்து நீளம் அகலம் உயரம் அளந்து, கட்டடத்தின் விகிதம் அப்படியே உள்ளது, பாதுகாப்புப் பணி முழு வெற்றி என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கான்கிரீட் கோயிலில் மாட்டினார்கள்.

ஆனி மாதம் இராயப்பர் திருநாள் வந்தபோது, ஒரு மணி நேரம் மட்டும் திறப்பது என்று தீர்மானமாயிற்று. வாத்தியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டிடம் கொண்டுபோனார், அது நுழையவில்லை. கோயிலோடு சேர்ந்து பூட்டும் சிறுத்திருந்தது. சாவி வாத்தியார் இடுப்பில் இருந்ததால் அது வாத்தியாரைப் போலவே கொஞ்சமும் சிறுக்காமல் இருந்தது. நகை ஆசாரியைக் கூட்டிவந்து, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அராவி அராவி ஒரு சின்னச் சாவி செய்தபிறகுதான் கதவு திறந்தது. குனிந்து உள்ளே நுழைந்தோம், முன்னூறு பேர், ஒருத்தர் மேல் ஒருத்தர். கித்தேரி வடக்குச் சுவருக்குப் பாய்ந்தாள், அங்கே கயிறு கட்டி, தொடாதீர் என்று எழுதி, வாத்தியார் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஊதினார், அவள் மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி ஊதினார், ஒரு மணி நேரமும் இதிலேயே போய்விட்டது.

அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் அது நடந்தது. பாட்டு ஆரம்பித்ததும் சுவர்கள் மெள்ள விலகின, கூரை எங்கள் தலையை விட்டு மேலே போயிற்று, குனிந்து நுழைந்தவர்கள் நிமிர்ந்து வெளியே வந்தோம். வாலிபால் கோர்ட்டின் கோடு ஒரு முழம் கோயிலுக்குள் போயிருந்தது. ஆள் நுழைந்தால் கோயில் வளர்கிறது, பூட்டினால் சிறுக்கிறது. மூக்கொழுகுகிற பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிட்டது. ஆனால் குழு என்று ஒன்று இருக்கிறதே, அது பிள்ளை இல்லையே. அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டு, மக்களின் மூச்சுக்காற்றால் புராதனக் கட்டடம் அபாயகரமாக வீங்குகிறது, ஆகையால் இனி எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று எழுதினார்கள். பெரிய சாவியும் சின்னச் சாவியுமாய் இரண்டு சாவிகள் இப்போது வாத்தியார் இடுப்பில் கிணுகிணுத்தன.

ஆவணி முதல் வாரம் கித்தேரியின் மகள் ஜெனோவாவுக்குச் சம்பந்தம் வந்தது. பையன் கிழக்கூர்க்காரன், கப்பலில் வேலை, மார்கழி பிறக்கும் முன்னால் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்த பிறகுதான் தாலி. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. விரலை மடக்கிப் பார்த்தால், கல்லறைத் திருநாளுக்குள் தொம்மைக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமலே நடத்தலாமே என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். கித்தேரி பதில் சொல்வதற்குள் ஜெனோவா சொன்னாள், "எங்கப்பாட்டச் சொல்லாம நான் கழுத்த நீட்ட மாட்டேன்." மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, கல்லறைத் திருநாள் வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகு வேறு இடம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கித்தேரி மீன் கூடையை இறக்கி வைக்காமலே நேரே வாத்தியாரிடம் போனாள்.

"வாத்தியாரே, தொம்மைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். மவளுக்குச் சம்பந்தம் வந்திருக்கு. பூட்டத் திறந்து விடுங்க."

"மனு எழுதிக் குடு பிள்ளே. குழு கூடி முடிவெடுக்கும்."

"குழு எப்பக் கூடும்?"

"ரெண்டாம் சனிக்கிழமை."

"பூட்டு நாளுக்கு நாள் சின்னதாவுது. ரெண்டாம் சனிக்கு அது எந்த அளவுல கிடக்குமோ."

"அதையும் சேத்து மனுவுல எழுது."

அவளும் எழுதினாள், ஜெனோவா கையெழுத்தில், இரண்டு பக்கம். குழு கூடியது, மனிதாபிமான அடிப்படையில் ஐந்து நிமிஷம் திறக்கலாம் என்றது, சாவி செய்ய ஆசாரிக்குச் சொல்ல ஒரு தீர்மானம், ஆசாரி அளவெடுக்க ஒரு தீர்மானம், எடுத்த அளவைச் சரிபார்க்க ஒரு தீர்மானம். எல்லாக் கையெழுத்தும் விழுந்து சாவி வந்து சேர்ந்தபோது பூட்டு அதைவிடச் சின்னதாகியிருந்தது. மறுபடி மனு, இரண்டாம் சனிக்குக் காத்திராமல் அவசரக் கூட்டம், மறுபடி சாவி. வாத்தியார் இடுப்பில் ஒன்றைவிட ஒன்று சின்னதாய்ப் பதினோரு சாவிகள் சேர்ந்தன, ஒன்றுகூட எதற்கும் நுழையாது.

புரட்டாசியில் கோயில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நாய் ஒன்று கோபுரத்தின் மேல் காலைத் தூக்கப் போனதைப் பார்த்த எட்வின் சாமியார் பதறிப்போய், இனி இதை வெளியில் வைப்பது சரியில்லை என்றார். நல்ல மனுஷர்தான், பாவம், புதுக் கோயிலில் மின்விசிறிச் சத்தத்தில் தான் சொல்வது தனக்கே கேட்காமல் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தவர். குழு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தது. ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோயிலைத் தூக்கினார்கள், அது ஒரு சோற்றுப் பானை கனம்தான் இருந்தது, ஐந்து பேர் கையை எடுத்துவிட்டார்கள். கான்கிரீட் கோயிலில் பிளாஸ்டிக் பூங்கொத்துகளுக்கு நடுவில் பெட்டியை வைத்து, வெளிச்சம் பட்டால் சுண்ணாம்புக்கு ஆகாது என்று மேலே சிவப்பு வெல்வெட்டைப் போர்த்தி, வெல்வெட்டை யாரும் விலக்கக் கூடாது என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். கையைவிட்டு எடுக்க வழியில்லாமல் பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று ஒருத்தர் சொன்னார். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த அடுத்த கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதுதான், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, கித்தேரி மீன் கூடையோடு கான்கிரீட் கோயிலுக்குள் போனாள். பக்கத்து அறையில் பெட்டிப் பூட்டு பித்தளையா எவர்சில்வரா என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வெல்வெட்டைத் தூக்கி, பெட்டியைத் திறந்து, கோயிலை எடுத்துக் கூடையில் வைத்து, பனையோலையால் மூடி, வெல்வெட்டைப் பழையபடி மடிப்புக் கலையாமல் போர்த்திவிட்டு, தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் வாத்தியார் வெற்றிலை துப்ப வந்து நின்றார்.

"என்ன மீனு கித்தேரி?"

"விலை மீனு இல்ல வாத்தியாரே. வீட்டுக்கு."

அவர் தலையை ஆட்டினார், அவள் நடந்தாள். தலையில் பாரம் இருந்தால் ராணி மாதிரி நிமிர்ந்துதானே நடக்க முடியும், அப்படித்தான் போனாள், நாங்கள் டீக்கடையிலிருந்து பார்த்தோம். கூடையின் ஓலைக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை நீட்டிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை, கேட்டால் அப்படித்தான் சொல்வோம்.

வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் கோயிலை இறக்கி வைத்தாள். பூட்டு இப்போது ஒரு மிளகு அளவு இருந்தது. குழுவும் ஆசாரியும் பதினோரு சாவியும் திறக்க முடியாததை, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் ஒரு நெம்பு நெம்பினாள், திறந்துகொண்டது. கதவு இரண்டும் வெற்றிலை அளவு இருந்தன. உள்ளே போக ஆள் வேண்டும், ஆளுக்கு இடமில்லை, என்ன செய்ய என்று தாயும் மகளும் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டெறும்பு வாசற்படி ஏறி உள்ளே போயிற்று, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் எறும்புச் சாரையே. சாயங்காலத்துக்குள் கோயில் அரை விரல்கடை வளர்ந்தது. யார் போகிறார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை, போனால் போதும் என்றிருந்தது.

பிறகு ஜெனோவா ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்து உள்ளே விட்டாள், குஞ்சு பீடத்தடியில் தூங்கி எழுந்தது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து கோயில் நடுக்கூடத்தில் மூன்று குட்டி போட்டது, அன்றைக்கு மட்டும் இரண்டு சாண். ஊர் சும்மா இருக்குமா, வந்தோம். சாமி இல்லாத பூசை மாதிரி, வாசலில் உட்கார்ந்து வலை பொத்தினோம், வலையின் ஒரு முனையை உள்ளே தள்ளிவிட்டோம், பொம்பிளைகள் கையை நீட்டி உள்ளே தூசி தட்டினார்கள், சுடலைமுத்து ஒரு கிளாஸ் டீயை இராயப்பர் காலடியில் வைத்துவிட்டுப் போனார். கருவாட்டுக் களத்துக்காரன்கூட வந்தான், கொஞ்சம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கான்கிரீட் கோயிலில் இரண்டாம் சனிக்கிழமை குழு கூடி, வெல்வெட்டுக்கு அந்துருண்டை வைப்பது என்று முடிவு செய்தது.

கல்லறைத் திருநாளன்று காலையில் கோயில் கித்தேரி வீட்டு உத்தரத்தை முட்டிக்கொண்டு நின்றது, கோபுரம் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே தலை நீட்டியிருந்தது. கதவு உயரம் இரண்டு சாண். கித்தேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெழுகுவர்த்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி ஊன்றி உள்ளே போனாள். இடுப்புக்குக் கீழே அடுப்படியில் கிடந்தது, இடுப்புக்கு மேலே கோயிலில் இருந்தது. வடக்குச் சுவரில் நாற்பத்தொரு துடுப்பும் அகப்பை அகப்பையாய் நின்றன. தொம்மையுடையதைக் கண்டுபிடித்து அதன் அடியில் மெழுகுவர்த்தியை நட்டாள். நாங்கள் வெளியில் காத்திருந்தோம், ஏச்சு வரும் வரும் என்று.

"ஏ மனுஷா," என்று கடைசியில் கேட்டது, குரல் என்னவோ போல் இருந்தது. "உம்ம மவளுக்குக் கல்யாணம். பையன் கப்பல்ல இருக்கான். நல்ல பையன், உம்ம மாதிரி இல்ல, சொன்னாக் கேக்கான். ஒரு வருஷமா உம்மகிட்டப் பேசாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயி புளிச்சுப்போச்சு. நான் வரலன்னு நீரு என்ன நெனச்சீரோ. பூட்டிட்டானுவ, அதான் வரல. நான் மறக்கல, கேட்டீரா."

ஜெனோவா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் விசில் கேட்டது. ஓட்டுக்கு மேல் கோபுரத்தை எங்கிருந்தோ பார்த்துவிட்டுக் கஸ்பார் வாத்தியார் ஓடி வந்துகொண்டிருந்தார், இடுப்பில் பதினோரு சாவியும் குலுங்க. அடுப்படிக்குள் நுழைந்து, கோயிலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் பார்த்து, மூச்சு வாங்க நின்றார்.

"புராதனச் சின்னம். யார் அனுமதி குடுத்தா? வெளிய வா பிள்ளே."

"வாத்தியாரா?" உள்ளேயிருந்து கித்தேரி கேட்டாள். "நல்லதாப் போச்சு. வெளிய நின்னு ஊதாம உள்ள வாங்க. வலேரியான் அண்ணன் துடுப்பு சாஞ்சு விழுந்து கிடக்கு. எனக்கு எட்டல."

வலேரியான் வாத்தியாரின் தம்பி. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் போனவன், நாற்பத்தொன்றில் அவனும் ஒருத்தன். வாத்தியார் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், ஊதவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கும் அது உறைத்தது. வாத்தியாரின் அம்மா போன பங்குனியில் செத்துப்போயிருந்தாள், ஊரே போய் மண் போட்டோம். கயிறு கட்டியவரும் அவர்தான், பூட்டினவரும் அவர்தான், விசில் ஊதினவரும் அவர்தான், இதில் தம்பிக்கு அவர் எங்கே போய்ச் சொல்லியிருப்பார்.

ஆறடி மனுஷன் சட்டையோடு தரையில் விழுந்தார். கித்தேரி ஒதுங்கி இடம் விட, இரண்டு காலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கால் நீட்டிக்கொண்டு கிடந்தன. சாவிக் கொத்து வாசற்படியில் மாட்டிக்கொண்டது, அவர் அதை அறுத்துப் போட்டுவிட்டு இன்னும் உள்ளே போனார்.

"ஏல வலேரி," என்று அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "அம்மா போயிட்டாடே. பங்குனியில. கடைசியா உன் பேரத்தான் கேட்டா. நான் உங்கிட்டச் சொல்லவே இல்லையேடே."

முப்பத்தொரு வருஷம் எங்களை நேராக நிற்கச் சொன்ன மனுஷன் குப்புறக் கிடந்து அழுதார். கோயில் அன்றைக்கு ஐந்து சாண் வளர்ந்தது. கித்தேரி வீட்டு வடக்குச் சுவர் போயிற்று, ஓடு முழுக்கச் சரிந்தது, நாங்கள் பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிறகு ஓட இடமில்லாமல் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தோம்.

அடுத்த மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து, கார்த்திகை முதல் வாரம் ஜெனோவாவுக்கு அந்தக் கோயிலிலேயே தாலி ஏறியது, எட்வின் சாமியார் தானே வந்து நின்று மந்திரித்தார். கித்தேரியின் அடுப்பு இப்போது பீடத்துக்கு வலது பக்கம் இருக்கிறது, ரேஷன் கார்டில் விலாசம் பழைய கதவு எண்தான். மத்தியானம் வலை பொத்துகிறோம், தூணில் தொட்டில் ஆடுகிறது, கதவுக்குப் பின்னால் ஒரு கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. நிபுணர் மறுபடி ஒரு தடவை வந்தார். கோயிலை அண்ணாந்து பார்த்து, இது அனுமதியில்லாத புதுக் கட்டடம், புராதனக் கட்டடம் பதிவேட்டின்படி கண்ணாடிப் பெட்டியில் உள்ளது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வஞ்சிரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆகையால் குழு இன்னும் இருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் கூடுகிறது. வெல்வெட்டைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று யாராவது சொன்னால், வெளிச்சம் படக் கூடாது என்று வாத்தியார் கையை நீட்டித் தடுத்துவிடுவார். பிறகு பதிவேட்டில், இராயப்பர் ஆலயம் பத்திரமாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட்ட கையோடு எழுந்து, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேரே கித்தேரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவார். வடக்குச் சுவரில் ஆளுயரத் துடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்றைய கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், எந்தத் தீர்மானம் எத்தனை ஓட்டில் நிறைவேறியது, அந்துருண்டை தீர்ந்துபோனது முதற்கொண்டு தம்பியிடம் ஒன்று விடாமல் சொல்வார். பக்கத்துத் துடுப்பில் தொம்மையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான், அவனுக்கு வலது காது நன்றாகக் கேட்கும்.